தலையிடுபவர் முதலில் தேர்தல் நாளைக் குறிக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக்கு வழங்கும் ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை பற்றியும், அதற்கு ஈடாக மனித உரிமை விடயத்தில் நமது அரசாங்கம் நிறைவேற்ற வேண்டிய கடப்பாடுகள் பற்றியும் தங்கள் நாளிதழில் அவ்வப்போது வெளிவரும் செய்திகளையும் வாசகர் கருத்துகளையும் தொடர்ந்து படித்து வருகிறேன். அவற்றில் இரண்டு நிலைப்பாடுகளே திரும்பத் திரும்பத் தலைகாட்டுகின்றன. எங்கள் வீட்டு விடயத்தில் தலையிட வெளியார் எவருக்கும் உரிமையில்லை என்கிறார்கள் ஒரு சாரார். எவராவது வந்து தலையிட்டாலன்றி எங்களுக்கு விமோசனமில்லை என்கிறார்கள் மறு சாரார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மட்டக்களப்பு மாவட்டத்தில் உயர்தர மாணவருக்கு அரசறிவியல் கற்பித்தவன் என்ற முறையில், இவ்விரு சாராரும் கேட்காமல் விட்ட கேள்வியொன்றை முன்வைக்க விரும்புகிறேன். பல அரசுகள் சேர்ந்து ஓர் ஒன்றியமாக வாழும்போது, அவற்றுள் ஓர் அரசு தன் மக்களின் சுதந்திரங்களை நெரிக்கத் தொடங்கினால், ஏனையவை எதைச் செய்வது அறமாகும், எதைச் செய்வது அறமாகாது?

இலங்கை, பல அரசுகள் சேர்ந்த ஒன்றியமன்று என்பதை அறிவேன். இது ஒற்றையாட்சி நாடு என்று அரசியலமைப்பின் 2 ஆம் உறுப்புரை சொல்கிறது. ஆயினும் 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் மாகாண சபைகளை உருவாக்கிய நாளிலிருந்து, மேலே இருக்கும் அதிகாரம் கீழே மக்கள் தெரிவுசெய்த சபையை எப்போது தொடலாம், எப்படித் தொடலாம் என்ற கேள்வி நமக்கும் உரியதாகிவிட்டது. ஐரோப்பாவும் இந்தியாவும் இக்கேள்வியோடு பட்ட பாட்டை நாம் அறிந்துகொள்வது அதனாலேயே பயனுள்ளதாகும்.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் என் தந்தையார் விதைத்த வட்டையில், அதாவது பலருடைய வயல்கள் சேர்ந்த வயல்வெளியில், ஒரு வழக்கம் இருந்தது. வட்டையைச் சுற்றிய வேலியில் வயற்சொந்தக்காரராகிய ஒவ்வொரு போடியாருக்கும் அவரவர் காணியின் அளவுக்கேற்ற பங்கு உண்டு. ஒருவர் தம் பங்கை அடைக்காமல் விட்டால், அந்தக் கண்டாயத்தால் நுழையும் மாடுகள் அவருடைய வேளாண்மையோடு நின்றுவிடுவதில்லை. வட்டை முழுவதையும் மேய்ந்துவிடும். ஆகவே அவரைத் தட்டிக் கேட்க வட்டை விதானையாருக்கு உரிமை இருந்தது. சொல்லியும் கேளாவிட்டால் கூலிக்கு ஆள்வைத்து அடைப்பித்து, செலவைச் சூடடிக்கும் களத்திலேயே நெல்லாக அறவிட்டுக்கொள்வார். ஆனால் அந்த வயலுக்குப் பாயும் தண்ணீரை மறிப்பதை மட்டும் எவரும் ஏற்றுக்கொண்டதில்லை. தண்ணீரை மறித்தால் போடியாருக்கு ஒரு போகம் நட்டம். அந்த வயலை நம்பி மாதக்கணக்கில் உழைத்த வயற்காரனுக்கோ வீட்டில் அடுப்பெரியாது. விதானையாரும் போகத் தொடக்கக் கூட்டத்தில் எல்லாருடைய முன்னிலையிலும் தெரிவானவரே. அவருடைய பங்கு வேலி அடைபடாமல் கிடந்தால், அடுத்த கூட்டத்தில் அவரால் வாய் திறக்க முடியாது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் நடந்ததைப் புரிந்துகொள்ள எனக்கு இந்த வழக்கமே உதவியது. அங்கே ஓர் உறுப்பு நாட்டின் சீர்கேடு அந்நாட்டு எல்லையோடு நிற்பதில்லை. ஒன்றியத்தின் சட்டங்கள் எல்லா நாட்டு அமைச்சர்களும் கூடியிருந்து வாக்களித்து ஆக்கப்படுபவை. ஆகவே ஒரு நாட்டில் தேர்தலும் பத்திரிகையும் நீதிமன்றமும் ஆளுங்கட்சியின் கைக்குள் போய்விட்டால், அந்தக் கட்சியின் வாக்கு மற்றெல்லா நாட்டு மக்களையும் கட்டுப்படுத்தும் சட்டத்திலும் சேர்ந்துவிடுகிறது. நீதிமன்றங்களும் அப்படியே பிணைந்திருக்கின்றன. போலந்து நீதிமன்றம் பிறப்பிக்கும் கைதுப் பிடியாணையை அயர்லாந்து நிறைவேற்ற வேண்டும். 2018 ஆம் ஆண்டில் அயர்லாந்து நீதிபதி ஒருவர், நீதித்துறையின் சுதந்திரம் கேள்விக்குள்ளாகியிருக்கும் நாட்டுக்கு ஒரு மனிதரை எப்படிக் கையளிப்பது என்று ஐரோப்பிய நீதிமன்றத்திடமே கேட்க நேர்ந்தது. இவ்வளவு பிணைப்பு உள்ள இடத்தில் "இது எங்கள் உள்வீட்டு விடயம்" என்ற வாதம் செல்லுபடியாகாது. வேலியின் பங்கை ஏற்றுக்கொண்டு வட்டைக்குள் வந்தவருக்கு அதை அடைக்கும் கடமையும் கூடவே வந்துவிடுகிறது. ஒன்றியத்தில் சேர விரும்பும் நாடு ஜனநாயகத்தையும் சட்டவாட்சியையும் சிறுபான்மையினர் பாதுகாப்பையும் உறுதிப்படுத்த வேண்டும் என்று 1993 ஆம் ஆண்டில் கொப்பன்ஹேகனில் விதிக்கப்பட்ட நிபந்தனையை ஹங்கேரியும் போலந்தும் விரும்பி ஏற்றே 2004 இல் உள்ளே நுழைந்தன.

அந்த அரசாங்கங்கள் மக்கள் வாக்களித்து வந்தவையல்லவா என்று கேட்கலாம். என் மாணவர்களும் ஆண்டுதோறும் இதைக் கேட்டிருக்கிறார்கள். உண்மைதான். ஹங்கேரியில் 2010 ஆம் ஆண்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆசனங்களைப் பெற்ற கட்சி, அந்தப் பெரும்பான்மையைக் கொண்டே புதிய அரசியலமைப்பை நிறைவேற்றியது. நீதிபதிகளின் ஓய்வு வயதை 70 இலிருந்து 62 ஆகத் திடீரெனக் குறைத்து, மூத்த நீதிபதிகளை ஒரே வீச்சில் வெளியேற்றியது. இன்று ஆளப்போகிறவர் யார் என்பதைத் தீர்மானிக்கப் பெரும்பான்மைக்கு உரிமையுண்டு. நாளை வேறொரு பெரும்பான்மை உருவாகும் வழிகளை அடைத்துவிடும் உரிமை அதற்கு இல்லை. இதை விளங்கிக்கொள்ள நாம் ஐரோப்பாவுக்குப் போகத் தேவையில்லை. 1977 இல் தெரிவான நமது பாராளுமன்றத்தின் பெரும்பான்மை, 1982 டிசம்பரில் ஒரு சர்வசன வாக்கெடுப்பை நடத்திப் பொதுத்தேர்தலையே தள்ளிவைத்தது. அடுத்த பொதுத்தேர்தல் 1989 பெப்ரவரியில்தான் வந்தது. அந்த இடைவெளியில் இந்த நாடு எதை எதையெல்லாம் இழந்தது என்பதை எங்கள் தலைமுறைக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆகவே தலையிடும் கடமை உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. எவ்வாறு தலையிடுவது என்பதிலேயே சிக்கல் முழுவதும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றிய உடன்படிக்கையின் 7 ஆம் உறுப்புரை, ஒன்றியத்தின் அடிப்படை விழுமியங்களைப் பாரதூரமாகவும் தொடர்ச்சியாகவும் மீறும் நாட்டின் வாக்குரிமையை இடைநிறுத்த இடமளிக்கிறது. அதற்கு முன்னர், அத்தகைய மீறல் இருப்பதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட நாடு தவிர்ந்த ஏனைய எல்லா நாட்டுத் தலைவர்களும் ஒருமனதாகத் தீர்மானிக்க வேண்டும். போலந்துக்கு எதிராக ஐரோப்பிய ஆணைக்குழு 2017 டிசம்பரிலும், ஹங்கேரிக்கு எதிராக ஐரோப்பியப் பாராளுமன்றம் 2018 செப்டெம்பரிலும் இந்த நடைமுறையைத் தொடக்கிவைத்தன. இரண்டு அரசாங்கங்களும் ஒன்றையொன்று காப்பாற்றுவதாக வெளிப்படையாகவே அறிவித்துவிட்டன. வேலி அடைக்காத இரண்டு போடிமார் ஒருவர் மற்றவருக்குப் பிணை நின்றால் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறுமா? அந்த நடைமுறை இடைநிறுத்தம் வரை ஒரு நாளும் சென்றதில்லை.

நீதிமன்ற வழி திறந்திருந்தது. ஆனால் நீதி காலந்தாழ்த்தியே வந்தது. நீதிபதிகளின் ஓய்வு வயதைக் குறைத்தது வயதின் அடிப்படையிலான பாரபட்சம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2012 நவம்பரில் தீர்ப்பளித்தது. அதற்குள் தலைமை நீதிபதிகளின் நாற்காலிகளில் வேறு ஆட்கள் அமர்ந்துவிட்டார்கள். வெளியேற்றப்பட்டவர்களில் பலர் தங்கள் பழைய பதவிகளுக்குத் திரும்பவே இல்லை. புடாபெஸ்ட் நகரிலிருந்த மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தைக் குறிவைத்து ஆக்கப்பட்ட சட்டம் ஒன்றியச் சட்டத்துக்கு முரணானது என்று 2020 ஒக்டோபரில் தீர்ப்பு வந்தபோது, அந்தப் பல்கலைக்கழகம் தன் கற்பித்தல் பணிகளை வியன்னாவுக்கு மாற்றி ஓராண்டு கடந்திருந்தது.

எஞ்சியது பணம். வரவுசெலவுத் திட்ட நிதியைச் சட்டவாட்சியோடு பிணைக்கும் ஒழுங்குவிதி 2020 டிசம்பரில் நிறைவேற்றப்பட்டது. அதன்படி 2022 டிசம்பரில் ஹங்கேரிக்குரிய சுமார் 630 கோடி யூரோ நிறுத்திவைக்கப்பட்டது. அவ்வொழுங்குவிதியில் நான் மிகவும் மதிக்கும் ஒரு வாசகம் உண்டு: ஒன்றியம் நிதியை நிறுத்தினாலும், அந்த நிதியால் பயன்பெற இருந்த விவசாயிகளுக்கும் ஏனையோருக்கும் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கும் கடமையிலிருந்து உறுப்பு நாட்டின் அரசாங்கம் விடுபடாது. வயலுக்குத் தண்ணீரை மறிக்காமல் போடியாரிடம் அறவிடும் முறை இதுதான். ஆனால் நடைமுறையில் அது முழுமையாக நிறைவேறவில்லை. அரசாங்கச் சார்பான அறக்கட்டளைகளிடம் ஒப்படைக்கப்பட்ட ஹங்கேரியப் பல்கலைக்கழகங்களோடு புதிய ஒப்பந்தங்கள் செய்யக்கூடாது என்ற முடிவின் விளைவாக, எராஸ்மஸ் திட்டத்தின் கீழ் வெளிநாடு சென்று படிக்கும் வாய்ப்பு மாணவர்களுக்கே அடைபட்டது. தங்கள் பல்கலைக்கழகத்தின் நிருவாகத்தை அரசாங்கம் பறித்துக்கொண்டது போதாதென்று, அதற்கான தண்டனையையும் அந்த மாணவர்களே சுமந்தார்கள்.

அந்தப் பணத்தைக் கையாண்ட விதத்திலும் எனக்கு மனக்குறை உண்டு. 2023 டிசம்பர் 13 ஆம் திகதி, உக்ரேன் தொடர்பான முக்கிய முடிவுகளை எடுக்க ஒன்றியத் தலைவர்கள் கூடுவதற்கு முதல் நாள், ஹங்கேரிக்குரிய சுமார் 1,020 கோடி யூரோ விடுவிக்கப்பட்டது. நீதித்துறைச் சீர்திருத்த நிபந்தனைகள் நிறைவேறிவிட்டன என்று ஆணைக்குழு காரணம் காட்டியது. அதை ஏற்காத ஐரோப்பியப் பாராளுமன்றம் நீதிமன்றத்துக்குச் சென்றது. நீதிக்காக நிறுத்திவைத்த பணம் பேரம்பேசலுக்காக விடுவிக்கப்பட்டது என்ற சந்தேகம் எழுவதற்கு அந்தத் திகதி ஒன்றே போதும். போலந்திலும் இதே சங்கடம் ஏற்பட்டது. நீதிபதிகளைத் தண்டிக்கும் ஒழுக்காற்றுச் சபையின் செயற்பாட்டை இடைநிறுத்துமாறு ஐரோப்பிய நீதிமன்றம் இட்ட கட்டளையை மீறியதற்காக, 2021 ஒக்டோபர் இறுதியிலிருந்து நாளொன்றுக்குப் பத்து இலட்சம் யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. 2023 ஒக்டோபர் 15 ஆம் திகதி பதிவுசெய்யப்பட்ட வாக்காளர்களில் நூற்றுக்கு 74 பேர் வரிசையில் நின்று வாக்களித்து, அந்த அரசாங்கத்தை மாற்றினார்கள். புதிய அரசாங்கம் பதவியேற்ற சில மாதங்களில், சட்டங்கள் பெரும்பாலும் பழையபடியே இருக்கும்போதே, 13,700 கோடி யூரோ வரையான நிதிக்கு வழி திறக்கப்பட்டது. போலந்து மக்களுக்கு அப்பணம் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் நிபந்தனை சட்டத்தைப் பற்றியதா, ஆட்சியில் இருக்கும் கட்சியைப் பற்றியதா என்று ஒரு போலந்து விவசாயி கேட்டால், நேராக அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல முடியவேண்டும். இங்கே நான் கவனிக்கும் முக்கியமான விடயம் வேறு: அந்த நாட்டைத் திருத்தியது அபராதமன்று, அந்த வரிசையில் நின்றவர்கள். ஒன்றியம் அவர்களுடைய வாக்கைத் தொடவில்லை என்பதாலேயே அவர்களால் அதைச் செய்ய முடிந்தது.

தண்டனை யார் தலையில் விழுகிறது என்ற கேள்வி எங்கள் மாவட்டத்து மீன்பிடித் துறைமுகமான வாழைச்சேனைக்குப் புதிதன்று. சட்டவிரோத ஆழ்கடல் மீன்பிடியைத் தடுக்க இலங்கை தவறிவிட்டது என்று கூறி, ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரி நடுப்பகுதியிலிருந்து நமது மீன் ஏற்றுமதியைத் தடைசெய்தது. 2016 ஜூனிலேயே அத்தடை நீங்கியது. கடலைக் கண்காணிக்கும் பொறிமுறையை அமைக்கத் தவறியது கொழும்பிலிருந்த நிருவாகம். என் உறவினர் ஒருவர் அக்காலத்தில் வாழைச்சேனையிலிருந்து பலநாள் படகில் போய்வந்தார். கரைக்கு வந்த மீனுக்குச் சொல்லப்பட்ட விலையைக் கேட்டு, ஐஸ் செலவுக்கும் டீசல் செலவுக்கும் காணாதென்று கணக்குப் பார்த்தபடி அவர் எங்கள் வீட்டு விறாந்தையில் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. அந்தத் தடை தவறென்று நான் சொல்லவில்லை. அதன் பின்னரே நமது படகுகளுக்குக் கண்காணிப்புக் கருவிகள் பூட்டும் வேலை உண்மையாகவே வேகம்பெற்றது. ஜீ.எஸ்.பி. பிளஸ் 2010 ஓகஸ்டில் இடைநிறுத்தப்பட்டபோதும் அப்படியே. சித்திரவதைக்கு எதிரான சமவாயம் உள்ளிட்ட மூன்று மனித உரிமை உடன்படிக்கைகளை நாடு உரியபடி நடைமுறைப்படுத்தவில்லை என்பதே காரணம். அது பொய்யான காரணமுமன்று. 2017 மே மாதத்தில் அச்சலுகை மீளக் கிடைக்கும்வரை, சித்திரவதை செய்தவர்கள் எவரும் அதன் சுமையைச் சுமக்கவில்லை. அதைச் சுமந்தவை ஆடைத் தொழிற்சாலைகள். அவற்றிலும் முதலில் மேலதிக நேர வேலையை இழந்தவர்கள் இயந்திரத்துக்கு முன் அமர்ந்திருந்த பெண் பிள்ளைகள்.

இந்தியாவின் அனுபவம் இதைவிடக் கடுமையானது. நமக்கு இதைவிட நெருக்கமானது. அந்நாட்டு அரசியலமைப்பின் 356 ஆம் பிரிவு, ஒரு மாநிலத்தில் அரசியலமைப்பின்படி ஆட்சி நடத்த முடியாத நிலை தோன்றினால் மத்திய அரசு அந்த ஆட்சியைத் தன் கையில் எடுக்க இடமளிக்கிறது. ஜனநாயகத்தைக் காக்கவென்று எழுதப்பட்ட பிரிவு அது. 1959 ஜூலையில் கேரளத்தில் மக்கள் தெரிவுசெய்த நம்பூதிரிபாட் அரசாங்கம் அதே பிரிவால் பதவி நீக்கப்பட்டது. நெருக்கடிநிலைப் பிரகடனத்தை எதிர்த்து நின்ற தமிழ்நாட்டின் தி.மு.க. அரசாங்கம் 1976 ஜனவரி 31 இல் நீக்கப்பட்டது. நாடெங்கும் கருத்துச் சுதந்திரம் பறிக்கப்பட்டிருந்த வேளையில், அது ஓரளவேனும் எஞ்சியிருந்த மாநிலத்தையே அந்தப் பிரிவு தாக்கியது. 1991 ஜனவரியில் மீண்டும் அதே கட்சியின் அரசாங்கம் கலைக்கப்பட்டது. விடுதலைப் புலிகளின் நடமாட்டத்தைத் தடுக்கவில்லை என்பது அப்போதைய குற்றச்சாட்டு. கலைக்குமாறு அறிக்கை அனுப்ப மாநில ஆளுநர் பர்னாலா மறுத்தார். அவருடைய அறிக்கை இல்லாமலே கலைப்பு நடந்தது. காவலுக்கு வைத்த ஆளே மறுத்த பின்னும் கதவை உடைத்து நுழைந்த செயலாகவே அதை நான் வகுப்பில் விளக்கினேன்.

1994 மார்ச் 11 ஆம் திகதி, கர்நாடகத்தின் முன்னாள் முதலமைச்சர் எஸ்.ஆர். பொம்மையின் பெயரால் அறியப்படும் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் இதற்கு ஒரு வரம்பு கட்டினார்கள். கலைப்பதற்கான காரணங்களை நீதிமன்றம் பரிசீலிக்கலாம்; ஓர் அரசாங்கத்துக்குப் பெரும்பான்மை உண்டா என்பதை ஆளுநர் மாளிகையில் அன்றிச் சட்டசபையிலேயே தீர்மானிக்க வேண்டும்; பாராளுமன்றம் அங்கீகரிக்கும்வரை சட்டசபையைக் கலைக்க முடியாது; பிழையாகக் கலைத்திருந்தால் நீதிமன்றம் அதை மீள உயிர்ப்பிக்கலாம். அதன் பின்னர் இந்தப் பிரிவின் பயன்பாடு வெகுவாகக் குறைந்தது. ஆயினும் அதே தீர்ப்பு, 1992 டிசம்பரில் பாபர் மசூதி இடிக்கப்பட்ட பின்னர் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், இமாசலப் பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களின் அரசாங்கங்கள் கலைக்கப்பட்டது செல்லும் என்றும் சொன்னது. மதச்சார்பின்மை அரசியலமைப்பின் அடிப்படைக் கூறு என்பதால், அதற்கு எதிராக நடக்கும் மாநில அரசாங்கம் நீடிக்க முடியாது என்பது நீதிபதிகளின் வாதம். பள்ளிவாசல் இடிக்கப்பட்ட இடமோ அந்த மூன்று மாநிலங்களில் எதிலும் இல்லை. இத்தீர்ப்பைப் பற்றி நான் பல ஆண்டுகளாக யோசித்திருக்கிறேன். சிறுபான்மையினன் ஒருவன் என்ற முறையில் அந்த வாதம் எனக்கு ஆறுதல் தருகிறது. வாக்காளன் என்ற முறையில் அது என்னை அச்சுறுத்துகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே என்னை ஓரளவு அமைதிப்படுத்துவது ஒன்றே: 1993 நவம்பரில், ஓராண்டுக்குள்ளேயே, அம்மாநிலங்களின் மக்களிடம் வாக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டது. அவர்கள் தாங்களே தீர்ப்புச் சொன்னார்கள்.

வாக்கு திருப்பிக் கொடுக்கப்படாத தலையீடு எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு ஜேர்மனியின் பிரஷ்யா மாநிலம் சாட்சி. நாட்டின் மிகப் பெரிய மாநிலமாகிய அங்கே, குடியரசுக்கு விசுவாசமான கட்சிகளின் அரசாங்கம் இருந்தது. 1932 ஜூலை 20 ஆம் திகதி, ஒழுங்கை நிலைநாட்டப்போவதாகக் கூறி, நெருக்கடி அதிகாரத்தைப் பயன்படுத்தி மத்திய அரசாங்கத்தின் தலைவராக (சான்சலராக) இருந்த பாப்பன் அதை நீக்கினார். ஒக்டோபரில் வந்த நீதிமன்றத் தீர்ப்பு அரைகுறையாக மாநிலத்தின் பக்கம் பேசியது. பொலிஸும் நிருவாகமும் மத்தியின் கையிலேயே இருந்தன. மூன்று மாதம் கழித்து ஹிட்லர் பதவியேற்றபோது, மாநிலத்திடமிருந்து பறிக்கப்பட்டிருந்த அந்தப் பொலிஸ் படை தயாராக எடுத்துக் கொடுக்கப்பட்டது.

மறுபுறம் 1957 செப்டெம்பரில் அமெரிக்காவின் லிட்டில் ரொக் நகரில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். நீதிமன்றக் கட்டளை இருந்தும் ஒன்பது கறுப்பின மாணவர்களைப் பாடசாலைக்குள் விடாமல் மாநில ஆளுநர் படையை நிறுத்தினார். ஜனாதிபதி ஐசனோவர் இராணுவத்தை அனுப்பினார். இராணுவம் வந்தது அந்த ஒன்பது பிள்ளைகளை வகுப்பறை வாசல்வரை கூட்டிச்செல்வதற்காக மட்டுமே. மாநிலச் சட்டசபை கலைக்கப்படவில்லை, ஆளுநர்கூட நீக்கப்படவில்லை. அடுத்த ஆண்டு அந்த ஆளுநர் அந்நகரின் உயர்நிலைப் பாடசாலைகளையே மூடிவைத்தார் என்பதும், பிள்ளைகளின் ஓராண்டுப் படிப்பு பாழானது என்பதும் உண்மை. உரிமையைக் காத்து வாக்கையும் காக்கும் வழி மெதுவானது, வலி நிறைந்தது. இருந்தும் எனக்கு அதுவே சரியென்று படுகிறது.

இனி எங்கள் மாகாணத்துக்கு வருகிறேன். 1990 மார்ச் முதலாம் திகதி, இணைந்த வடக்கு கிழக்கு மாகாண சபையின் முதலமைச்சர் திருகோணமலையில் தனிநாட்டுக்கான பிரேரணையை முன்வைத்தார். அதே ஆண்டில், அரசியலமைப்புக்குக் கீழ்ப்படிய மறுக்கும் சபையைக் கலைக்கும் வகையில் மாகாண சபைகள் சட்டம் திருத்தப்பட்டது. அந்த முதலமைச்சர் செய்தது சரியென்று நான் வாதாடவில்லை. கலைப்பதற்கான சட்டம் அதே ஆண்டில் வந்தது. ஆனால் கிழக்கு மக்கள் மீண்டும் ஒரு மாகாண சபைக்கு வாக்களிக்க 2008 மே 10 வரை காத்திருந்தார்கள். யுத்தம் நடந்தது, அதனால் என்று சொல்லலாம். அதில் பாதி உண்மையும் உண்டு.

இன்று யுத்தமில்லை. 2012 செப்டெம்பர் 8 ஆம் திகதி தெரிவான கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பர் 30 இல் முடிவடைந்தது. அதே மாதத்தில் பாராளுமன்றம் தேர்தல் முறையை மாற்றியது. புதிய முறைக்கான எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தபோது, அதைச் சமர்ப்பித்த அமைச்சர் உட்பட வாக்களித்த அனைவரும் எதிர்த்தே வாக்களித்தார்கள். பழைய முறை சட்டத்தில் இல்லை. புதிய முறைக்கு எல்லைகள் இல்லை. தேர்தல் முறையைச் செம்மைப்படுத்துவதாகச் சொல்லித் தொடங்கிய வேலை, தேர்தலே இல்லாத நிலையில் எட்டு ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது. மாகாண நிருவாகம் சீர்குலைந்தால் ஜனாதிபதி பிரகடனம் செய்து அதிகாரங்களை ஏற்க 13 ஆவது திருத்தம் இடமளிக்கிறது. அதற்குப் பாராளுமன்றத்தின் அங்கீகாரம் வேண்டும், கால எல்லையும் உண்டு. அப்படியொரு பிரகடனமும் இங்கே செய்யப்படவில்லை. பிரகடனம் செய்திருந்தால் கேள்வி கேட்கவாவது ஒரு நாள் இருந்திருக்கும். 2012 ஆம் ஆண்டில் மாகாணங்களின் அதிகாரத்தையும் தொட்ட திவிநெகும அபிவிருத்திச் சட்டமூலம் வந்தபோது, தெரிவுசெய்யப்பட்ட வட மாகாண சபை இல்லாத நிலையில் அதற்குப் பதிலாக ஆளுநர் சம்மதம் தெரிவிக்க முடியாது என்று நமது உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்புகளை அடுத்துப் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க 2013 ஜனவரியில் பதவி நீக்கப்பட்டதை நாம் மறக்கலாகாது. ஆளுநர் சபையாகிவிட முடியாது என்ற அந்தக் கோட்பாடு இன்றைக்கும் பொருத்தமானது. படுவான்கரையில் எனக்குத் தெரிந்த ஒரு பாடசாலையில் கணித ஆசிரியர் இல்லையென்று பெற்றோர் எழுதிய மனுவோடு நான் மூன்று அலுவலகங்களுக்கு ஏறி இறங்கினேன். முன்பென்றால் எங்கள் வாக்கைக் கேட்டு வந்த மாகாண சபை உறுப்பினர் ஒருவரை வழிமறித்தேனும் கேட்டிருப்போம்.

இதை எழுதும்போது எங்கள் பக்கத்துக் கண்டாயத்தையும் மறைக்கக் கூடாது. மாகாணத்துக்கு அதிகாரம் வேண்டுமென்று கேட்கும் தமிழராகிய நாங்கள், அந்த மாகாணத்துக்குள் எங்களை நம்பி வாழவேண்டியவர்களுக்கு எங்கள் மேலும் ஒரு காவல் தேவை என்பதை ஏற்க வேண்டும். 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களுக்கும், அதே மாதத்தில் வீரமுனைக் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்களுக்கும் நேர்ந்த படுகொலைகள் இந்த மண்ணில் நடந்தவையே. வடக்கும் கிழக்கும் இணைந்திருப்பதா பிரிவதா என்று கிழக்கு மக்களிடம் கேட்பதற்கான வாக்கெடுப்பு, 2006 இல் உயர் நீதிமன்றம் இணைப்பே செல்லாது என்று தீர்ப்பளிக்கும்வரை ஒவ்வொரு தடவையும் ஒத்திவைக்கப்பட்டே வந்தது. அதை நடத்துமாறு எங்களில் எத்தனை பேர் குரல் கொடுத்தோம்? இன்றும் கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்துமாறு தமிழர் கொழும்பிடம் கேட்கிறார்கள். எல்லைகளைத் தீர்க்காமல் தரமுயர்த்த வேண்டாமென்று முஸ்லிம்களும் அதே கொழும்பிடம் கேட்கிறார்கள். இரு சாராரும் மேலே ஒரு நடுவர் வேண்டுமென்பதை ஒப்புக்கொண்டவர்கள்தாம். மாகாண சபையொன்று மீண்டும் வரும்போது அதன் சிறுபான்மையினர், அவர்கள் அம்பாறையின் தமிழராயினும் மட்டக்களப்பின் முஸ்லிம்களாயினும் எல்லைக் கிராமத்துச் சிங்களவராயினும், சபைக்கு எதிராக நேரே நீதிமன்றம் செல்லும் வழி இலகுவாக்கப்பட வேண்டும். லிட்டில் ரொக்கின் ஒன்பது பிள்ளைகளுக்குக் கிடைத்த காவல் அவர்களுக்கும் கிடைக்கட்டும். அதற்காகச் சபையைக் கலைக்கவோ தேர்தலை மறிக்கவோ எவரும் துணிய வேண்டாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் கண்காணிப்புக் குழுவினர் அடுத்த தடவை நாட்டுக்கு வரும்போது, அவர்களிடம் வரிச்சலுகையை நிறுத்துமாறு கேட்க நான் விரும்பவில்லை. அந்த இயந்திரத்துக்கு முன் அமர்ந்திருக்கும் பிள்ளைகளை எண்ணியே சொல்கிறேன். மாகாண சபைத் தேர்தலுக்கு ஒரு திகதியைக் கேளுங்கள், அதை எழுத்தில் பெறுங்கள், அது தவறினால் பகிரங்கமாகச் சொல்லுங்கள் என்று கேட்டால் போதும். நமது பாராளுமன்ற உறுப்பினர்களிடமும் இதையே கேட்கிறேன். பழைய முறைக்கு ஒரு தடவை மட்டும் திரும்புவதற்கு ஒரு சிறு திருத்தச் சட்டம் போதுமானது. அதற்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மைகூடத் தேவையில்லை.

தங்களிடம் எனக்கொரு வேண்டுகோள் உண்டு. 2012 ஆம் ஆண்டுத் தேர்தலின்போது என்னிடம் உயர்தரம் படித்த பிள்ளைகளுக்கு வாக்களிக்கும் வயது வந்திருக்கவில்லை. இன்று அவர்கள் முப்பது வயதைத் தொட்டுவிட்டார்கள். சிலர் ஆசிரியர்களாகி, 13 ஆவது திருத்தத்தைத் தாங்களே கற்பிக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட மாகாண சபைக்கு ஒரு தடவையேனும் வாக்களித்ததில்லை. 2017 செப்டெம்பர் 30 இலிருந்து எத்தனை நாட்கள் கடந்துவிட்டன என்ற எண்ணைத் தங்கள் நாளிதழின் முதற்பக்கத்தில் ஒரு சிறு கட்டத்துக்குள் நாள்தோறும் வெளியிடுவீர்களா? தேர்தல் நடைபெறும் நாளன்று அந்தக் கட்டத்தை எடுத்துவிடலாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற அரசறிவியல் ஆசிரியர்,
களுவாஞ்சிக்குடி.